மந்திர சாதகரிடையே சமயப் பொறை

1888-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலே வெஸ்ட்காட், மேத்தர்ஸ், உட்மன் என்னும் மூவரால் ஸ்தாபிக்கப்பெற்ற ‘கோல்டன் டான்’ என்னும் பொற்புலரிச் சங்கத்தை, ரகசியச் சடங்குகளில் மோகங்கொண்ட சிலரது விநோதம் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், ஒருவருடைய தெய்வ நம்பிக்கையை மற்றொருவர் எவ்வளவு தூரம் மதித்தல் கூடும் என்பதை ஆராயப் புகுவோர்க்கு அச்சங்கத்தின் சரித்திரம் பெரிதும் உபகாரமாவது என்பது என் துணிபு.

அங்கே தீக்ஷை பெற்றவர்களை ஒருசேர நினைத்துப் பார்த்தால் வியப்பே உண்டாகும். அகால மரணங்களை விசாரிக்கும் உத்தியோகத்திலிருந்த வெஸ்ட்காட் ஒருபுறம். ஆங்கிலத் திருச்சபையின் குருவாயிருந்துகொண்டே ரசவாதத்தில் தோய்ந்திருந்த ஏய்ட்டன் என்னும் முதியவர் ஒருபுறம். தம் அயர்லாந்து நாட்டுப் பழங்கதைகளில் தெய்விகத்தைத் தேடிய கவிஞர் யேட்ஸ் ஒருபுறம். நாடக மேடையில் புகழ்பெற்று, எகிப்திய மந்திர சாஸ்திரத்தைப் பற்றி 1896-இல் நூலும் வெளியிட்ட புளோரன்ஸ் பார் அம்மையார் ஒருபுறம். இவர்களெல்லாரும் எகிப்தியத் தேவதைகளின் பெயர்களும், எபிரேயரின் கப்பாலா மறைஞானமும், கிறிஸ்தவச் சின்னங்களும் கலந்த ஒரே சடங்கை ஒரே கூடத்தில் நடத்தினார்கள். பரம்பொருள் ஒன்றிலேனும் தெய்வங்கள் பலவற்றிலேனும் நம்பிக்கை இருத்தல் வேண்டும் என்பதே சேர விரும்பினோர்க்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. இன்ன தெய்வம் என்ற நிர்ப்பந்தம் இல்லை. புதிதாக வந்தவர்க்கு முதற் சடங்கிலேயே, பிறர் கைக்கொண்ட சமயத்தை ஒருபோதும் இகழலாகாது என்னும் உபதேசமும் செய்யப்பட்டது.

சடங்கு எல்லார்க்கும் பொது, அதன் தாத்பரியம் அவரவர் அந்தரங்கம் என்னும் இந்த ஏற்பாடு உள்ளவரையில், குருவும் கவிஞரும் நடிகையும் ஒருவரையொருவர் புண்படுத்தாமல் பயில முடிந்தது. அது குலைந்த விதத்தைத்தான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். பாரிஸ் நகரத்தில் குடியேறிய மேத்தர்ஸ், கட்புலனாகாத மறைத் தலைவர்கள் சிலர் தம்மோடு மட்டுமே தொடர்பு கொண்டிருப்பதாகக் கூறி, 1896-இல் உயர்படி உறுப்பினரெல்லாரும் தமக்குக் கீழ்ப்படிதல் வேண்டும் என்று சாசனம் அனுப்பினார். அவருக்கு நெடுங்காலம் பொருளுதவி செய்துவந்த ஆனி ஹார்னிமன் அம்மையாரையே அவ்வாண்டு விலக்கியும் வைத்தார். 1900-இல், சங்கத்தின் தோற்றத்துக்கு ஆதாரமாகக் காட்டப்பெற்ற கடிதங்கள் வெஸ்ட்காட் புனைந்தவை என்று மேத்தர்ஸே எழுத, இலண்டனிலிருந்தோர் உண்மையை விசாரிக்க முற்பட்டனர். விசாரணையை அவர் தடுத்தார். அவருடைய சார்பில் வந்த அலிஸ்டர் குரோலி சங்கக் கூடத்தையே கைப்பற்ற முயன்றார். முடிவில் மேத்தர்ஸ் விலக்கப்பட்டார்.

மறைத் தலைவர்கள் உண்டு என்று மேத்தர்ஸ் நம்பியதை யாரும் பரிகசிக்கவில்லை. யேட்ஸ் போன்றோர் அத்தகைய நம்பிக்கைகளுக்கு அந்நியரும் அல்லர். தம் விசுவாசத்தைப் பிறர் பணிவுக்குப் பிரமாணமாக அவர் ஆக்கியபோதுதான் பகை விளைந்தது. நம்பிக்கைக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையைக் காட்டி அடிமைச்சீட்டு எழுதி வாங்க எவர்க்கும் உரிமை இல்லை என்பதை நான் தயக்கமின்றிச் சொல்வேன். 1903-இல் அச்சங்கத்தவருள் கிறிஸ்தவ மறைஞானத்தை நாடிய வெய்ட்டும், மந்திர சாதனையை விட மனமில்லாத டாக்டர் பெல்கினும் வெவ்வேறு வழியிற் பிரிந்ததை இதனோடு ஒப்பிட்டால், கருத்து வேற்றுமையால் பிரிவது அத்தனை பெரிய கேடாக எனக்குத் தோன்றவில்லை.

அச்சங்கத்தின் கதை தமிழ் மண்ணையும் தொட்டிருக்கிறது. இலண்டன் கிளையின் தலைமையை ஏற்று அக்கலகங்களின் நடுவே நின்ற அதே புளோரன்ஸ் பார் அம்மையார், 1912-இல் தாய்நாட்டை விட்டு இலங்கைக்குப் புறப்பட்டு வந்து, சேர் பொன்னம்பலம் இராமநாதன் யாழ்ப்பாணத்து மருதனார்மடத்தில் 1913-இல் நிறுவிய மகளிர் கல்லூரியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1917-இல் கொழும்பில் காலமாகும்வரையில் இலங்கையிலேயே வாழ்ந்தார். மிஷனரிப் பள்ளிகளே ஓங்கியிருந்த நாட்டில் சைவப் பெண்கள் தம் சமயத்தை இழக்காமல் கல்வி பெறவேண்டும் என்று கருதியே அக்கல்லூரி எழுந்தது. அத்தகைய ஸ்தாபனத்துக்கு, எகிப்தியத் தெய்வங்களை ஆவாகனம் செய்து பழகிய ஓர் ஆங்கில மாது தலைவியாவதா என்று கேட்போர்க்கு, இராமநாதனின் நூல்களே விடை தரும். பழுத்த சைவராகிய அவர், மத்தேயு, யோவான் என்னும் இரு சுவிசேஷங்களுக்கும் தம் சித்தாந்தக் கண்கொண்டு ஆங்கிலத்தில் விரிவுரை எழுதியவர். பிறர் வேதத்தைப் பயபக்தியோடு ஓதியும் தம் திருநீற்றை அழித்துக்கொள்ளாதவர். பார் அம்மையாரிடம் தம் மாணவியரை ஒப்படைக்க அவர் அஞ்சாததில் வியப்பென்ன?