செயற்கைக்கோள் பார்த்த புயல்

வானிலைச் செயற்கைக்கோள் என்றதும் நினைவுக்கு வருவது தொலைக்காட்சியில் சுழலும் வெள்ளை மேகப் படம்தான். இதன் வரலாறு 1960 ஏப்ரல் 1-ல் தொடங்குகிறது. அன்று அமெரிக்கா ஏவிய டைரோஸ்-1 வேலை செய்தது 78 நாட்கள்தான். ஆனால் அது அனுப்பிய ஆயிரக்கணக்கான படங்கள், நடுக்கடல் புயலையும் வானிலிருந்தே காணலாம் என்று நிரூபித்தன.

சரி, பார்த்துவிட்டால் மட்டும் போதுமா?

1970 நவம்பரில் வங்கக் கடலில் ஒரு புயல் உருவானது. ஐடாஸ்-1 என்ற செயற்கைக்கோள் அதைப் படம் பிடித்தது. வானொலியிலும் எச்சரிக்கை சொன்னார்கள். ஆனால் வரப்போவது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது கரையோர மக்களுக்குப் புரியவில்லை. ஓடி ஒதுங்க மேடான இடமும் குறைவு. நவம்பர் 12 இரவு, கடல் பொங்கும் ஏற்ற நேரத்தில், புயல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் கரை கடந்தது. போலா தீவு உட்பட தாழ்வான பகுதிகள் மூழ்கின. இறந்தவர்கள் 3 முதல் 5 லட்சம் பேர் என்பது மதிப்பீடு.

வங்கதேசம் பிறந்தபின் 1972-ல் புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் தொடங்கியது. தொண்டர்கள் ஒலிபெருக்கியுடன் ஊர் ஊராகப் போய் எச்சரித்தார்கள். புயல் காப்பகங்கள் மெதுவாகத்தான் பெருகின. அதனால் 1991 புயலிலும் சுமார் 1,38,000 பேர் இறந்தனர். 2007-ல் வந்த கடும் புயலான சிதர் எடுத்த உயிர்கள் சுமார் 3,400. அதுவும் பெரிய இழப்புதான். ஆனால் 1970-ஐ நினைத்தால் வித்தியாசம் புரியும்.

ஆக நண்பர்களே, செயற்கைக்கோள் வெறும் கண். அது கண்டதை வாசல்வரை வந்து சொல்ல ஆளும், ஒதுங்க ஒரு கட்டடமும் இருந்தால்தான் உயிர் பிழைக்கும்.