மணியாச்சியில் பத்து நிமிடம்

நம் குடியிருப்பில் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள் ஏழெட்டு வீட்டிலாவது இருக்கிறோம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ரயிலில் ஊருக்குப் போகும்போது, விடிகிற நேரத்தில் சாத்தூர், கோவில்பட்டி, கடம்பூர் என்று வரிசையாக வரும். சாத்தூர் என்றால் வெள்ளரிக்காயும் சேவும். கோவில்பட்டி என்றால் கடலை மிட்டாய். கடம்பூர் என்றால் போளி. அடுத்து வரும் மணியாச்சிக்கு அப்படிப் பேர் சொல்லும் தின்பண்டம் எதுவும் எனக்கு நினைவில்லை. ‘வாஞ்சி மணியாச்சி’ என்று ஒரு மஞ்சள் பலகை நிற்கும். நாம் அப்போது இருக்கைக்கு அடியிலிருந்து பெட்டிகளை இழுத்துக்கொண்டிருப்போம். அடுத்த முறை அந்தப் பலகை வரும்போது ஒரு நிமிடம் ஜன்னல் பக்கம் திரும்பிப் பாருங்கள்.

பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. கரிசல் காடு, உடைமரம், மழையை நம்பிய பருத்தியும் உளுந்தும். பாளையக்காரர் காலத்தில் மணியாச்சியும் ஒரு பாளையம்தான். இன்று தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரம் வட்டத்தில் ஒரு கிராமம். கயத்தாறு வழியாக நெல்லைக்குப் போகும் நெடுஞ்சாலை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடிக்குப் போகும் நெடுஞ்சாலை, நெல்லையையும் தூத்துக்குடியையும் சேர்க்கும் நெடுஞ்சாலை என்று மூன்று சாலைகள் சுற்றி முக்கோணமாகப் போகின்றன. மணியாச்சி அந்த முக்கோணத்துக்கு உள்ளே இருக்கிறது. மூன்றில் ஒன்றுகூட அதைத் தொடவில்லை. அந்த ஊரை வெளியுலகத்தோடு சேர்த்தது தண்டவாளம் ஒன்றுதான்.

அந்தத் தண்டவாளம் வந்தது 1876-ல். மதுரையிலிருந்து தென்னிந்திய ரயில்வே கம்பெனி போட்ட மீட்டர்கேஜ் பாதை. ஜில்லாவின் தலைநகரம் திருநெல்வேலி. நியாயமாகப் பார்த்தால் பிரதான பாதை அங்கேதான் போயிருக்க வேண்டும். போகவில்லை, தூத்துக்குடிக்குத்தான் போனது. காரணம் கரிசல் பருத்தி. அது கப்பலேறும் துறைமுகம் தூத்துக்குடி. சரக்கு எங்கே போகிறதோ அங்கே பாதை போகும் என்பது கம்பெனிக் கணக்கு. கலெக்டர் இருக்கும் ஊருக்கு ஒரு கிளைப் பாதை போதும் என்று விட்டுவிட்டார்கள். அந்தக் கிளை பிரிந்த இடம்தான் மணியாச்சி. இரண்டு ஊருக்கும் அங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர்.

ஆக, திருநெல்வேலிக்காரர் யார் வடக்கே போக வேண்டுமானாலும் மணியாச்சியில் இறங்கி, தூத்துக்குடியிலிருந்து வரும் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில், அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். இதுதான் அன்றைய இலங்கை வழி. அந்த ரயிலுக்கே ‘போட் மெயில்’ என்று பெயர். 1904-ல் செங்கோட்டை மலைப்பாதை திறந்து கொல்லம் வரை ரயில் போனதும், திருவிதாங்கூரிலிருந்து சென்னைக்குப் போகிறவர்களும் நெல்லை வழியாக மணியாச்சிக்கு வந்தார்கள். கலெக்டர், வக்கீல், வியாபாரி, தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கூலித் தொழிலாளி என்று எல்லாரும் ஒரே பிளாட்பாரத்தில் நின்றார்கள்.

அப்படி ஒரு காத்திருப்பில்தான் அந்த ஊர் சரித்திரத்தில் ஏறியது. 1911 ஜூன் 17, சனிக்கிழமை. திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் தன் மனைவியுடன் கொடைக்கானலுக்குப் புறப்பட்டார். பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். காலை 9.30-க்கு நெல்லையில் கிளம்பிய வண்டி மணியாச்சிக்கு வந்து நின்றது. தூத்துக்குடியிலிருந்து போட் மெயில் 10.48-க்கு வர வேண்டும். இடையில் பத்து நிமிடம் போல இருந்தது. அந்த நேரத்தில் செங்கோட்டை இளைஞர் வாஞ்சிநாதன் முதல் வகுப்புப் பெட்டிக்குள் ஏறி ஆஷைச் சுட்டார். பிறகு ஓடிப்போய், பிளாட்பாரத்தில் இருந்த கழிப்பறைக்குள் தன்னையே சுட்டுக்கொண்டார். ஆஷை அதே பாதையில் நெல்லைக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். வழியில், கங்கைகொண்டான் அருகே உயிர் போய்விட்டது.

இதன் வேர் மணியாச்சியிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, கொழும்புக் கடலில் வெள்ளைக்காரக் கம்பெனியோடு போட்டி போட்டது. 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்ததும் நெல்லையில் கலவரம், துப்பாக்கிச் சூடு, நான்கு பேர் சாவு. அப்போது தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்தவர் ஆஷ். சுதேசிக் கம்பெனியை ஒடுக்கியவர் என்ற கோபம் அவர் மேல் இருந்தது. தென்னிந்தியாவில் அரசியல் காரணத்துக்காக வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டது அபூர்வம். பின்னால் நடந்த வழக்கில் பதினான்கு பேரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்கள். முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு ஆண்டு சிறை கிடைத்தது.

வாஞ்சி பற்றியும் ஆஷ் பற்றியும் வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் வாட்ஸ்ஆப்பில் சண்டை நடக்கும். நம் குடியிருப்புக் குழுவிலும் நடந்தது. அதை மறுபடி இங்கே கிளப்பினால் ஆசிரியர் என்னை விடமாட்டார். நான் சொல்ல வந்தது வேறு. ஓர் ஊருக்கு ஒன்றரை நூற்றாண்டு ரயில் சரித்திரம் இருக்கிறது. அதில் நமக்குத் தெரிந்தது அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான்.

மூன்றே ஆண்டில் என்ன நடந்தது பாருங்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்தது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது. போட் மெயில் மதுரைக்குத் தெற்கே வருவதை விட்டுவிட்டு ராமேஸ்வரம் பக்கம் திரும்பிவிட்டது. (அந்த தனுஷ்கோடியையும் 1964 டிசம்பர் புயல் கொண்டுபோனது.) 1927-ல் விருதுநகரிலிருந்து ராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குப் பாதை போட்டார்கள். கொல்லத்துக்காரர்களுக்கும் மணியாச்சி தேவையில்லாமல் போயிற்று. நான் பாங்கில் லெட்ஜர் எழுதியவன். எனக்கு இது ஒரே பக்கத்தில் வரிசையாக விழுந்த பற்று மாதிரித் தெரிகிறது. இதில் ஒன்றைக்கூட மணியாச்சிக்காரர் யாரும் முடிவு செய்யவில்லை. எங்கோ யாரோ வரைபடத்தில் ஒரு கோடு போட்டார்கள். இங்கே பிளாட்பாரத்தில் கூட்டம் குறைந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குத் தூத்துக்குடிக் கிளையில் வேலை, வீடு அம்பாசமுத்திரத்தில். சனிக்கிழமை அரை நாள் முடிந்து நெல்லை போகும் பாசஞ்சரைப் பிடிப்பேன். பஸ் சீக்கிரம் போகும். ஆனால் ரயிலில் டிக்கெட் மலிவு. தூத்துக்குடிப் பாதை, நெல்லைப் பாதை இரண்டுமே மணியாச்சிக்குத் தெற்கே பிரிவதால், வண்டி உள்ளே வந்ததும் இன்ஜினைக் கழற்றி அடுத்த முனையில் மாட்டினால்தான் நெல்லைப் பக்கம் நகரும். அதற்குள் இறங்கி ஒரு டீ. அனல் காற்றில் கரித்தூளும் கரிசல் மண்ணும் சட்டைக் காலரில் ஒட்டும். இன்ஜின் கழற்ற வரும் பாயின்ட்ஸ்மேன் ஒருவர் என்னைப் பார்த்து, “என்ன சார், இன்னைக்கும் பேங்க்ல பணம் எல்லாம் சரியா இருந்துச்சா?” என்று கேட்பார். அவரும், தண்டவாளம் பார்க்கும் கேங்மேன்களும், ஸ்டேஷன் மாஸ்டரும், இரவு வண்டிக்கு விளக்குக் காட்டியவர்களும்தான் எனக்குத் தெரிந்த மணியாச்சி. அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. ‘வாஞ்சி மணியாச்சி’ என்று பெயர் மாறியது 1988-ல். ஊர்க்காரர்கள் இப்போதும் மணியாச்சி என்றுதான் சொல்கிறார்கள்.

கழற்றி மாட்டும் வேலை பின்னாலும் கொஞ்ச காலம் தொடர்ந்தது. அகலப்பாதை வந்த பிறகும் சென்னை–குருவாயூர் எக்ஸ்பிரசில் தூத்துக்குடிக்கான பெட்டிகள் தனியாக இருக்கும். மணியாச்சியில்தான் அவற்றைப் பிரிப்பார்கள். உங்களில் சிலர் அதில் தூங்கிக்கொண்டே போயிருப்பீர்கள். கொரோனாவில் ரயில்கள் நின்றபோது அந்த இணைப்புப் பெட்டிகளும் நின்றுபோயின. இப்போது இரட்டைப் பாதையும் மின்சார இன்ஜினும் வந்தாயிற்று. எதிர் வண்டிக்காக வழிவிட்டு நிற்க வேண்டியதில்லை. நமக்கு அரை மணி நேரம் மிச்சம். டீக்கடைக்கு அந்த அரை மணி நேரம்தான் வியாபாரம்.

பாசஞ்சர் வண்டி இன்னும் ஓடுகிறது. நெடுஞ்சாலை தொடாத ஊருக்கு அதுதான் டவுன் பஸ். நெல்லைக்கோ தூத்துக்குடிக்கோ கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூலி வேலைக்கும் போகிறவர்கள் அதில்தான் ஏறுகிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு நாடெங்கும் பாசஞ்சர் வண்டிகளை ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் மாற்றி ஓட்டியபோது, குறைந்தபட்சக் கட்டணம் பத்து ரூபாயிலிருந்து முப்பதானது. நம்மில் பலருக்கு அது தெரிந்திருக்கவே இருக்காது. தினமும் போய் வருகிறவருக்கு அது இருபது ரூபாயிலிருந்து அறுபது. நாள் கூலியில் நேராகக் கைவைக்கும் தொகை. பழையபடி பத்து ரூபாய்க்குக் கொண்டுவந்தது 2024 பிப்ரவரியில்தான்.