தேம்ஸ் புதினாவும் மேட்டூர்க் குழாயும்

திருச்சியிலிருந்து கரூர் போகும் சாலையில் ஜீயபுரத்தைக் கடக்கும் எவருக்கும் அங்கே மண்ணுக்குப் பஞ்சம் என்று தோன்றாது. ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் வாழை: பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, நேந்திரன். செடியை மேலே ஏற்றி வளர்ப்பதும் இந்தக் கரைக்குப் புதிதல்ல. குளித்தலைப் பக்கத்துக் கொடிக்கால்களில் அகத்தியைப் பற்றிக்கொண்டு வெற்றிலை ஆளுயரம் தாண்டிப் போகும். ஆனால் இந்த ஊர்க் குடும்பம் ஒன்று பிள்ளைகளின் படிப்புக்காக ஸ்ரீரங்கத்தில் மூன்றாம் மாடிக்குக் குடிபோனால், வண்டல் மண் கூடவே படியேறாது. பால்கனியில் ஓர் இரும்புச் சட்டம், அதில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு பிவிசி பைப், பைப்பில் வரிசையாகத் துளை, துளைக்கொரு சல்லடைக் கிண்ணம், கிண்ணத்தில் புதினா. மண் ஒரு பிடிகூடக் கிடையாது. இப்படி ஒரு சட்டத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள ஒவ்வொரு பொருளும் உலகத்தின் ஒரு மூலையைச் சுற்றிவிட்டு வந்திருக்கிறது.

இதை விற்பவர்களின் விளம்பரத் தாள்கள் பாபிலோன் தொங்குதோட்டத்தில் கதையைத் தொடங்குவது வழக்கம். அது மண்ணில் வளர்ந்த தோட்டம். உண்மையில் இருந்ததா என்பதே தீராத வழக்கு. என் பார்வையில் கதை ஒரு தராசில் தொடங்குகிறது. பிரஸ்ஸல்ஸ் மருத்துவர் யான் பாப்டிஸ்டா வான் ஹெல்மான்ட், 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்தது இரண்டே அவுன்ஸ், 60 கிராம்கூட இல்லை. மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று முடிவுகட்டினார். அவர் இறந்த பின் 1648இல் மகன் வெளியிட்ட நூலில் இது இருக்கிறது. கரிவளியை முதலில் அடையாளம் கண்டவர்களில் ஒருவர் இதே ஹெல்மான்ட். 'கேஸ்' என்ற சொல்லே அவர் தந்தது. தன் மரம் அந்தக் கரிவளியையும் தின்றுதான் பெருத்தது என்பது மட்டும் அவருக்குத் தெரியாமல் போயிற்று.

அடுத்த தராசு லண்டனில், 1699இல். ஜான் உட்வர்ட் எடுத்துக்கொண்ட செடி புதினா, அதாவது நாம் சட்னிக்கு அரைக்கும் செடியின் சொந்தம். குப்பிகளில் வெவ்வேறு தண்ணீரை நிரப்பி அதை நிறுத்தினார். மழைநீரில் நின்றது 77 நாளில் ஏற்றிய எடை 17½ கிரெய்ன், ஒரு கிராமுக்குச் சற்றே மேல். தேம்ஸ் ஆற்று நீரில் நின்றது 26 கிரெய்ன். தோட்டத்து மண்ணைக் கரைத்துவிட்ட தண்ணீரில் நின்ற செடி இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. தண்ணீர் சுத்தமாக இருக்க இருக்கச் செடி இளைக்கிறது. அப்படியானால் செடிக்கு வேண்டியது மண்ணிலிருந்து தண்ணீரில் கரைந்துவரும் ஏதோ ஒன்று. அந்த ஏதோ ஒன்று எது என்று சொல்ல இன்னும் 160 வருடம் ஆனது. 1860 வாக்கில் ஜெர்மனியின் யூலியுஸ் சாக்ஸும் வில்ஹெல்ம் நோப்பும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, சுண்ணாம்புச்சத்து என்று உப்புகளை அளந்து கரைத்து, வெறும் குப்பியிலேயே செடியைப் பூக்கவைத்தார்கள்.

அதன் பிறகு எழுபது வருடம் அது ஆய்வகக் குப்பியை விட்டு வெளியே வரவில்லை. வெளியே இழுத்துவந்தவர் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த வில்லியம் கெரிக்கே. இந்த முறையில் பயிரே வளர்க்கலாம் என்று 1929இல் அறிவிப்பை வெளியிட்டார். பிறகு அவர் தொட்டிகளில் தக்காளிக் கொடி 25 அடி போயிற்று, ஏணி போட்டுப் பறித்தார்கள். பத்திரிகைகளுக்குக் கேட்கவா வேண்டும்! ஊரெங்கும் உப்புப் பொட்டலம் விற்கும் கம்பெனிகள் முளைத்தன. அவர் வேலைபார்த்த பல்கலைக்கழகம் அவரிடம் சூத்திரத்தைக் கேட்டது. வேலை நேரத்துக்கு வெளியே வீட்டில் செய்த ஆராய்ச்சி, தரமாட்டேன் என்றார். சண்டை முற்றி வேலையை விட்டார்.

பல்கலைக்கழகம் டென்னிஸ் ஹோக்லண்ட், டேனியல் ஆர்னன் என்ற இருவரிடம் உண்மையைப் பார்த்துச் சொல்லும்படி ஒப்படைத்தது. நல்ல மண்ணில் நன்றாகப் பார்த்துக்கொண்டால் வரும் மகசூலைவிடத் தண்ணீர் முறை பெரிதாக ஒன்றும் கூடுதலாகத் தராது என்று அவர்கள் கண்டார்கள். அதே கையோடு, எந்த உப்பு எத்தனை கிராம் என்பதையும் எல்லோருக்குமாக 1938இல் ஒரு சிற்றறிக்கையில் அச்சிட்டார்கள். அதன் எண் 347. உலகத்தின் எந்த வேளாண் கல்லூரியிலும் இன்றுவரை ஹோக்லண்ட் கரைசல் என்றால் தெரியும். மூடிவைத்த கெரிக்கேயின் சூத்திரத்தைவிடத் திறந்துவைத்த இவர்களின் சூத்திரம்தான் ஊர் ஊராகப் போயிற்று. இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் காகிதம் அதுதான்.

கெரிக்கேயின் மாணவர் ஒருவரை அதே 1938இல் பான் அமெரிக்கன் விமானக் கம்பெனி பசிபிக் நடுவே வேக் தீவுக்கு அனுப்பியது. பவளப்பாறைத் திட்டு, காய்கறி போட மண் கிடையாது. ஆசியாவுக்குப் பறக்கும் வழியில் இறங்கிய பயணிகளுக்கு அங்கே பச்சைக் காய்கறி கிடைத்தது. பிறகு போர். அமெரிக்கப் படை அசென்ஷன் தீவில் எரிமலைச் சரளையிலும், போர் முடிந்தபின் ஜப்பானின் சோஃபுவில் 22 ஹெக்டேரிலும் இதே முறையில் காய்கறி வளர்த்தது.

நம் பக்கம் வந்தது வேறு மாதிரி. 1943 பஞ்சத்தில் வங்காளம் லட்சக்கணக்கில் உயிர்களை இழந்திருந்தது. 1946இல் வங்காள வேளாண் துறையில் ஜேம்ஸ் ஷோல்டோ டக்ளஸ், டார்ஜிலிங் மலையடுக்கில் உள்ள கலிம்போங் பகுதியில் சோதனைகளைத் தொடங்கினார். பம்ப், மோட்டார், கண்ணாடி வீடு என்று ஏழைக்கு எட்டாதவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மீந்தது ஒரு தொட்டி, சல்லியும் மணலும் கலந்த கலவை, மேலே தூவ உலர்ந்த உப்பு, ஊற்றத் தண்ணீர். அவ்வளவுதான். 1951இல் 'ஹைட்ரோபோனிக்ஸ்: தி பெங்கால் சிஸ்டம்' என்ற பெயரில் ஆக்ஸ்போர்டு யுனிவர்சிட்டி பிரஸ் அதை நூலாக்கியது; ஹைட்ரோபோனிக்ஸ் என்றால் இந்த மண்ணில்லா வளர்ப்புதான். இந்திய மொட்டைமாடிக்கு இதைவிடப் பொருத்தமான முறை அதற்கு முன்னும் பின்னும் வரவில்லை என்பது என் எண்ணம். நாம் அதைக் கிட்டத்தட்ட மறந்துவிட்டு, மோட்டார் வைத்த முறையை நாற்பது ஐம்பது வருடம் கழித்து விலைகொடுத்து வாங்கினோம்.

அந்த முறைக்கும் விசித்திரமான பூர்விகம் உண்டு. கரைசலில் இரும்புச்சத்து நிற்காமல் துருவாகப் படிந்துவிடும், இளந்தளிர் வெளுத்துப்போகும். இது பெரிய தலைவலியாக இருந்தது. அதைத் தீர்த்தது துணித்தொழில். 1935இல் ஜெர்மனியின் ஃபெர்டினாண்ட் மியூன்ட்ஸ், சாயத் தொட்டித் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பைக் கட்டிவைக்க இ.டி.டி.ஏ. என்ற பொருளுக்குக் காப்புரிமை பெற்றார். 1951இல் பெர்க்லியின் லூயி ஜேக்கப்சன் அதே பொருளால் இரும்பைக் கட்டிப்போட்டார்; தளிர் பச்சையாயிற்று.

பைப்பின் கதை தற்செயல். 1872இல் ஓய்கன் பௌமன் வெயிலில் விட்டுவைத்த குப்பிக்குள் வெள்ளையாக ஏதோ திரண்டிருந்தது. பயனற்ற பொருள் என்று அரை நூற்றாண்டு கிடந்த அதை 1926இல் அமெரிக்காவின் வால்டோ சீமன் வளையும் பிளாஸ்டிக்காக்கினார். அதுதான் பிவிசி. 1960களின் பிற்பகுதியில் அது மேட்டூரிலேயே, காவிரிக் கரையிலேயே, தயாராக ஆரம்பித்தது. அதே சமயத்தில் இங்கிலாந்தில் ஆலன் கூப்பர், வேரை நனைத்தபடி மெல்லிய தண்ணீர்ப் படலம் ஓடினால் போதும் என்று கண்டார். போர்வெல்லுக்கு வாங்கிய பைப்பில் அந்தப் படலத்தை ஓடவிட்டதுதான் வீட்டுக்காரர்களின் சாமர்த்தியம்.

நட்டுக்க அடுக்குவதற்கு 1938இலேயே இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி ஹார்ட் வைட் செடிச்சுவருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1999இல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டிக்சன் டெஸ்போமியேவின் மாணவர்கள், மன்ஹாட்டன் மொட்டைமாடிகளில் எல்லாம் பயிரிட்டால் எத்தனை பேருக்குச் சோறு என்று கணக்குப் போட்டார்கள். 2 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. சோர்ந்துபோன அவர்களிடம், அப்படியானால் மாடிகளுக்கு உள்ளே அடுக்குங்கள் என்றார். செங்குத்துப் பண்ணை என்ற பேச்சு அங்கிருந்து கிளம்பியது. இதற்கிடையே வீட்டுக்குள் அடங்கும் சின்னச் சாதனங்களைத் தேய்த்து மெருகேற்றியவர்களில் அமெரிக்க நிலவறைகளில் கஞ்சா வளர்த்தவர்களும் உண்டு. 1989இல் அந்நாட்டுப் போதைத் தடுப்புத் துறை ஹைட்ரோபோனிக்ஸ் கடைகளையே சோதனை போட்டது.

மிச்சம் இருப்பது நார்க்கழிவு. தேங்காய் மட்டையை அடித்துக் கயிறு திரிக்கும்போது உதிரும் தூள். 1860களில் இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் இதை விரும்பி வாங்கினார்கள், பிறகு மறந்தார்கள். இங்கே பொள்ளாச்சியிலும் இலங்கையிலும் கயிறு ஆலைகளின் ஓரத்தில் மலைமலையாகக் குவிந்து கிடந்தது. நூறு வருடம் கழித்து, ஐரோப்பாவில் சதுப்புநிலத்துப் பீட் தோண்டுவதற்கு எதிர்ப்பு எழுந்ததும், டச்சுக் கண்ணாடி வீடுகள் மறுபடி அதைத் தேடின. தொல்லையாகக் கிடந்த கழிவு 5 கிலோக் கட்டியாகி, கோகோபீட் என்ற பெயரோடு கப்பல் ஏறியது. 2013 வாக்கில் தமிழக அரசின் மாடித்தோட்டத் தளைகளிலும் (கிட்) அதே நார்க்கழிவுதான் வந்தது.

வங்காள முறை தந்த டக்ளஸிடம் இல்லாதது இந்த நார்க்கழிவுதான். அவருடைய சல்லி மாடிக்குப் பாரம். ஊறிய நார்க்கழிவு அதைவிட எவ்வளவோ லேசு, தண்ணீரையும் பிடித்துவைக்கும். திருச்சிச் சித்திரை வெயிலில் பம்ப் ஓடும் சட்டத்துக்கு இரண்டு எதிரிகள் உண்டு. மதியம் மின்சாரம் போனால் படலம் வற்றி ஓரிரு மணி நேரத்தில் செடி தலைசாயும். மின்சாரம் இருந்தாலும் கரைசல் சூடேறிக் காற்றை இழந்து வேர் அழுகும். நான்கங்குல பைப்பை நட்டுக்க நிறுத்தி, பக்கவாட்டில் துளையிட்டு, உள்ளே கழுவிய நார்க்கழிவை நிரப்பி மேலிருந்து ஊற்றினால் இரண்டு பயமும் இல்லை. கழுவுவது கட்டாயம், புதுத் தூளில் உப்பு இருக்கும்.

உரத்தில் ஒரு கவனம் வேண்டும். கால்சியம் நைட்ரேட்டையும் மக்னீசியம் சல்பேட்டையும் கெட்டியாக ஒரே வாளியில் கரைத்தால் அடியில் வெள்ளையாகப் படிவது ஜிப்சம், நிலக்கடலைக்கு மண் அணைக்கும்போது போடுகிறோமே அதேதான். செடிக்குப் போக வேண்டிய சுண்ணாம்பு வாளியிலேயே தங்கிவிடும். கடையில் ஏ, பி என்று இரண்டு பாட்டிலாகக் கொடுப்பது இதனால்தான். ஒன்றை முழு வாளித் தண்ணீரில் கரைத்த பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும், அல்லது ஒருநாள் ஒன்றையும் மறுநாள் மற்றதையும் ஊற்றலாம். வைப்பதற்கு லெட்டூஸ் வேண்டாம். நம் வெயிலில் சீக்கிரமே பூவெடுத்துக் கசந்துவிடும். புதினா, வெந்தயக்கீரை, கொடிப்பசலை போதும். பங்குனி முதல் வைகாசி வரை மேலே பாதி நிழல் தரும் பச்சை வலை ஒன்றைக் கட்டிவிட வேண்டும்.