அழிவதற்காகப் போட்ட கோடுகள்

குயில்ட் என்றால் எல்லோருடைய கண்ணும் நடுவில் இருக்கும் நட்சத்திரத்துக்குத்தான் போகும். நிறம், பழைய சட்டையிலிருந்து வெட்டிய துண்டு, யாரோ ஒரு பாட்டியின் ஞாபகம் என்று பேச்சு அங்கேயே சுற்றும். ஓரத்துப் பார்டரை யாரும் நின்று பார்ப்பதில்லை. அதிலும் வெறும் நேர்கோடுகள்தான் ஓடுகின்றன என்றால் கேட்கவே வேண்டாம், "சும்மா கோடுதானே" என்று கடந்துபோய்விடுவார்கள்.

நான் வசிக்கும் அமெரிக்க ஊரில் ஒரு துணிக்கடையின் பின்னறையில் லாங்ஆர்ம் மெஷினை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். சில வருடங்களாக அதில் தைத்துவருகிறேன். பூ, இலை, சுழி எல்லாம் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. இன்றைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வது இந்த சும்மா கோட்டைத்தான். அந்தக் கோட்டைப் பின்னோக்கித் தொடர்ந்து போனபோது, தையலை விட்டு வேறொரு கேள்வியில் போய் நின்றேன். கோடு போட்டவர் ஒருவர், தைத்தவர் வேறொருவர் என்றால், அந்தக் குயில்ட் யாருடையது?

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். குயில்ட் என்பது மூன்று அடுக்கு: மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையலுக்குத்தான் குயில்ட்டிங் என்று பெயர். மேல்துணியைத் துண்டுகளால் ஒட்டுப்போட்டு உருவாக்குவது வேறு வேலை. குயில்ட்டிங் இல்லாவிட்டால் நாலு தடவை துவைப்பதற்குள் பஞ்சு ஒரு மூலையில் போய் ஒதுங்கிவிடும். தையல் எந்த வழியில் போகவேண்டும் என்று துணியின்மேல் முதலிலேயே வரைந்துகொள்வது மார்க்கிங்.

அந்தக் காலத்தில் இதற்கு ஊருக்கு ஒரு வழி இருந்தது. வேல்ஸ் நாட்டுப் பெண்கள் தையல்காரரின் சாக்கட்டியால் வரைந்தார்கள். இங்கிலாந்தின் வடக்கே, அட்டை அச்சைத் துணியில் வைத்து, தடித்த ஊசியின் முனையால் அதைச் சுற்றிக் கீறினார்கள். மையும் இல்லை, சாக்கும் இல்லை, துணியில் விழுந்த மடிப்புத் தடம்தான் கோடு. நேர்கோட்டுக்கு அமெரிக்காவில் தச்சரின் வழி இருந்தது. நூலில் சாக்குப்பொடியைத் தடவி, இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டால் கோடு விழுந்துவிடும். பாப்டிஸ்ட் ஃபேன் என்று ஒரு பழைய வடிவம் உண்டு. வில் வில்லாக அடுக்கியிருப்பார்கள். சட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் முழங்கையை ஊன்றி, கை எட்டும் தூரத்துக்கு வீசினால் வருகிற வளைவு அது. எட்டுகிற தூரம்தான் டிசைனைத் தீர்மானித்தது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் ஆலன்ஹெட்ஸ் என்ற ஈயச் சுரங்கக் கிராமத்தில் இந்த மார்க்கிங் தனித் தொழிலாகவே ஆனது. ஜார்ஜ் கார்டினர் என்ற கடைக்காரர் கூலிக்குத் துணியில் வரைந்துகொடுத்தார். அவரிடம் தொழில் கற்றவர் 1861இல் பிறந்த எலிசபெத் சாண்டர்சன். பிறகு அவரே பெண்களைச் சேர்த்துக்கொண்டு கற்றுக்கொடுத்தார். இப்படி வரைபவர்களுக்கு ‘ஸ்டாம்பர்’ என்று பெயர். பெயர் அப்படியிருந்தாலும் அவர்கள் முத்திரை எதுவும் குத்தவில்லை. நீலப் பென்சிலால் கையாலேயே வரைந்தார்கள். மக்கள் துணியை அனுப்புவார்கள், ஸ்டாம்பர் வரைந்து திருப்பி அனுப்புவார், வீட்டுப் பெண்கள் அதன்மேல் தைப்பார்கள். வரைந்து தயாராக இருக்கும் துணியை விலைக்கு வாங்கிக்கொள்ளவும் முடிந்தது. நடுவில் ஒரு பெரிய நட்சத்திரம், அதைச் சுற்றிச் சுற்றி நேரான பார்டர் பட்டைகள் கொண்ட ஒரு வடிவத்தை இன்றும் ‘சாண்டர்சன் ஸ்டார்’ என்றே அழைக்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டுப் பதிவுசெய்தவர்களில் முக்கியமானவர் மேவிஸ் ஃபிட்ஸ்ராண்டால்ஃப். அவருடைய புத்தகம் 1954இல் வந்தது. அதற்குள் சாண்டர்சன் இறந்து இருபது வருடம் ஆகியிருந்தது.

அந்த நீலப் பென்சிலில்தான் ஒரு வேடிக்கை இருக்கிறது. துவைத்தால் போய்விட வேண்டும் என்பதுதான் அந்தக் கோட்டுக்கு விதி. கோடு தெரிந்தால் வேலை சுத்தமில்லை. ஆனால் சில குயில்ட்கள் அதிகம் துவைக்கப்படாமல் பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டன. அவற்றில் நீலம் இன்னும் மங்கலாகத் தெரிகிறது. இது ஸ்டாம்பர் வரைந்த துணி என்று அடையாளம் காண அந்த நீலம்தான் இன்றைக்குப் பெரிய தடயம். எதை அழிக்க நினைத்தார்களோ அதுவே சாட்சியாக நிற்கிறது. நன்றாகத் துவைத்த வீடுகளில் தைத்தவளின் தையல் மட்டும் மிஞ்சியது, வரைந்தவளின் கை போய்விட்டது.

இந்தக் கதைக்குள் மெஷின் எப்போது வந்தது? ஐசக் சிங்கர் தையல் மெஷினுக்கு 1851இல் காப்புரிமை வாங்கினார். துண்டுகளைச் சேர்ப்பது சீக்கிரமே மெஷினுக்கு மாறிவிட்டது. குயில்ட்டிங் மாறவில்லை. பென்சில்வேனியாவின் ஆமிஷ் பெண்கள்கூட கால்மிதி மெஷினில் துண்டுகளை ஒட்டினார்கள், குயில்ட்டிங்கைக் கையால்தான் தைத்தார்கள். அழகு, பாரம்பரியம் எல்லாம் இருக்கட்டும், நடைமுறையில் ஒரு தடை இருந்தது. சாதாரண மெஷினில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட ஒழுங்காக இருக்காது. அதற்குள் கட்டில் அகலப் போர்வையைச் சுருட்டித் திணித்தால் மனிதருக்கு வேர்க்கும், துணிக்குச் சுருக்கம் விழும்.

இதற்கான தீர்வைத் தலைகீழாக யோசித்தார்கள். துணியை நகர்த்த வேண்டாம், மெஷினை நகர்த்துவோம். 1870களிலேயே இந்தப் பாதையில் அமெரிக்காவில் காப்புரிமைகள் வந்துவிட்டன. ஆனால் இன்று லாங்ஆர்ம் என்று சொல்லும் மெஷின் வீடுகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் வந்தது 1980களில்தான். மிசௌரி மாநிலத்தின் வெஸ்ட் பிளெயின்ஸ் ஊரிலிருந்து கெம்மில் கம்பெனியின் மெஷின்கள் பரவியது அப்போதுதான். பத்துப் பன்னிரண்டு அடி நீளமுள்ள மேஜை, குயில்ட்டைச் சுற்றிவைக்கும் உருளைகள், தண்டவாளத்தில் சக்கரத்தோடு ஓடும் மெஷின். கைப்பிடிகளைப் பிடித்து நின்றுகொண்டே தைக்கலாம்.

சண்டையும் கூடவே வந்தது. கையால் தைக்காதது குயில்ட்டா? காசு கொடுத்து லாங்ஆர்ம்காரரிடம் தைத்து வாங்குவதை "செக் புக்கால் தைத்தது" என்று கிண்டல் செய்தார்கள். 1989இல் கென்டக்கியின் படூக்கா நகரில் நடந்த கண்காட்சியில் கேரல் பிரையர் ஃபாலர்ட்டின் ‘கொரோனா II: சோலார் எக்லிப்ஸ்’ முதல் பரிசை வென்றது. மெஷினில் குயில்ட்டிங் செய்த ஒன்று அந்தக் கண்காட்சியில் முதலிடம் பெற்றது அதுவே முதல் முறை. அது லாங்ஆர்மில் தைத்ததல்ல, ஆனால் லாங்ஆர்ம் நுழையவும் அந்தக் கதவுதான் திறந்தது.

இப்போது என் பார்டருக்கு வருகிறேன். லாங்ஆர்மில் மேல் பார்டருக்கு நீளவாக்கில் கோடு போடுவது சுலபம். சானல் லாக் என்று ஒன்று உண்டு. அதைப் பூட்டினால் மெஷின் இடமும் வலமும் மட்டும்தான் ஓடும். கோடு தண்டவாளம் மாதிரி விழும். ஆனால் அதே கோடு மூலை திரும்பிப் பக்கவாட்டு பார்டரில் இறங்க வேண்டும். மெஷினின் கை நீளம் 18லிருந்து 30 இஞ்ச் வரைதான். சுருட்டிய குயில்ட் அதிலும் கொஞ்சத்தைத் தின்றுவிடும். நூறு இஞ்ச் நீளக் கோட்டை ஒரே இழுப்பில் தைக்க வழியில்லை. துண்டு துண்டாகத் தைத்து, உருளையைச் சுற்றி, விட்ட இடத்தில் பிடித்துத் தொடர வேண்டும். இல்லாவிட்டால் முழுக் குயில்ட்டையும் கழற்றி, திருப்பி மாட்ட வேண்டும். ஒவ்வொரு இணைப்பும் கண்ணுக்குத் தெரியக்கூடிய இடம்.

அதனால் பெரும்பாலானவர்கள் பார்டருக்குக் குறுக்கே குட்டிக் கோடுகளாகப் போடுகிறார்கள், பியானோ கட்டைகள் மாதிரி. எந்தக் கோடும் பார்டரின் அகலத்தைத் தாண்டாது என்பதால் கை எட்டும் எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. முழங்கை வீசிய வளைவு ஞாபகம் இருக்கிறதல்லவா? அன்றைக்கு உடம்பு எட்டிய தூரம், இன்றைக்கு மெஷின் எட்டும் தூரம்.

குட்டிக் கோடுதானே என்று நினைக்காதீர்கள். 90க்கு 100 இஞ்ச் குயில்ட், 6 இஞ்ச் பார்டர், அரை இஞ்சுக்கு ஒரு கோடு என்று வையுங்கள். 700 கோடுகளுக்கு மேல் வரும். தையலின் நீளம் 350 அடியைத் தாண்டும். ஒவ்வொரு இடைவெளியிலும் முப்பத்திரண்டில் ஒரு பங்கு இஞ்ச் பிசகினால், ஒரு பக்கத்து 180 கோடுகள் முடியும்போது ஐந்தரை இஞ்ச் தள்ளிப் போயிருக்கும். அதனால் ஒரு முனையில் ஆரம்பித்து எண்ணிக்கொண்டே போகக் கூடாது. நடுவைக் குறி, பிறகு பாதி, பிறகு பாதியில் பாதி. கோடுகளை பார்டர் தையலிலிருந்து செங்குத்தாக அளக்க வேண்டும், துணியின் வெட்டு விளிம்பை நம்பக் கூடாது. ஸ்கேலைக் கோட்டின்மேல் வைத்தால் தையல் கோட்டில் விழாது. மெஷின் பாதத்தின் விளிம்பு ஊசியிலிருந்து கால் இஞ்ச் தள்ளியிருப்பதால் ஸ்கேலையும் கால் இஞ்ச் தள்ளித்தான் வைக்க வேண்டும். ஸ்கேலும் கால் இஞ்ச் தடிமனான அக்ரிலிக்காக இருக்க வேண்டும். மெலிதாக இருந்தால் பாதம் அதன்மேல் ஏறிவிடும், ஊசி உடையும். பூ டிசைன் இந்தப் பிசகுகளையெல்லாம் மன்னித்துவிடும். நேர்கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவு கணக்குப் போட்டு வரைந்த கோட்டை எதனால் வரைகிறோம்? தட்டினால் உதிரும் சாக்கு, தண்ணீர் பட்டால் மறையும் நீல மை, ஓரிரு நாளில் காற்றிலேயே காணாமல்போகும் ஊதா மை. இஸ்திரிச் சூட்டில் மறையும் பேனாவும் உண்டு. அதன் கோடு உறைபனிக் குளிரில் சில சமயம் திரும்பி வந்து நிற்கும். 1990களிலிருந்து கம்ப்யூட்டர் ஓட்டும் லாங்ஆர்ம்களும் வந்துவிட்டன. அதில் துணியின்மேல் கோடே இல்லை, கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பை வடிவமைத்தவர் எங்கேயோ இருப்பார், வாங்கியவர்கள் பல ஊரில் இருப்பார்கள். ஒருவர் வரைய பலர் தைக்கும் ஆலன்ஹெட்ஸ் ஏற்பாடுதான் இது, நீலப் பென்சில் மட்டும் இல்லை.

1971இல் நியூயார்க்கின் விட்னி மியூசியத்தில் குயில்ட்களை ஓவியம்போலச் சுவரில் மாட்டினார்கள். கலைதான் என்று உலகம் ஒப்புக்கொண்டது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தைத்தவர் பெயர் தெரியாது. பத்து வருடம் கழித்து, 1981இல் கென்டக்கியில் வீடு வீடாக இருந்த குயில்ட்களைக் கொண்டுவரச் சொல்லிப் பதிவுசெய்ய ஆரம்பித்தார்கள். மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. போட்டிகளில் இன்று ‘இருவர் செய்தது’ என்று தனிப் பிரிவே இருக்கிறது. ஒட்டியவர், குயில்ட்டிங் செய்தவர் என்று இரண்டு பெயர் வருகிறது. கோடு போட்ட மூன்றாம் ஆளுக்கு இன்னும் இடம் வரவில்லை.

குயில்ட்டின் பின்பக்கம் ஒரு சின்னத் துணி லேபிள் தைத்து, செய்தவர் பெயரும் வருடமும் எழுதுவது இங்கே பழக்கம். நான் அதில் மூன்று வரி எழுதுகிறேன்: ஒட்டியது யார், தைத்தது யார், வரைந்தது யார். விலைக்கு வாங்கிய டிசைன் என்றால் அதைச் செய்தவரின் பெயர். "உனக்கு எதுக்கு இந்த வேலை, யார் படிக்கப் போறா?" என்று கடையில் ஒரு தமிழ்த் தோழி கேட்டாள். இப்போதைக்கு யாரும் படிக்க மாட்டார்கள்தான். நூறு வருடம் கழித்து ஒருத்தி இந்த பார்டரைத் திருப்பிப் பார்த்தால், அவளுக்கு நீலக் கறை எதுவும் கிடைக்கப்போவதில்லை. அழியாத மையில் எழுதிய அந்த மூன்று வரிதான் இருக்கும்.