ஆர்வெல் மாட்டிக்கொண்ட கடற்சுழல்

ஸ்காட்லாந்தின் கோரிவ்ரெக்கன் சுழலைப் பார்க்க இன்று காசு கொடுத்துப் படகில் போகிறார்கள். '1984' நாவல் அரைகுறையாக நின்றுபோகப் பார்த்த இடம் அது!

ஜுரா, ஸ்கார்பா என்ற இரண்டு தீவுகளுக்கு நடுவே ஒடுங்கிய கடல். ஓதம் மாறும்போது தண்ணீர் அந்த இடுக்கில் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். அடியில் கோபுரம் போல நிற்கும் பாறையில் மோதிச் சுழலும். கொந்தளிப்பு அடங்கும் நேரம் பார்த்துக் கடந்துவிட்டால் பயமில்லை.

ஜுராவில் தங்கி நாவலை எழுதிக்கொண்டிருந்த ஜார்ஜ் ஆர்வெல், 1947 ஆகஸ்டில் தீவின் மறுகரைக்கு ஒரு சின்ன விடுமுறை போனார். திரும்பும்போது படகில் அவருடைய மூன்று வயது மகன், அக்காவின் மகன், மகள். ஓத அட்டவணையைப் பார்த்தவர் ஆர்வெல்தான். தப்பாகப் பார்த்துவிட்டார்.

மோட்டார் பிய்த்துக்கொண்டு கடலுக்குள் போனது. அக்கா மகன் துடுப்பு வலித்து ஒரு பாறைத்தீவை எட்டினார். அங்கே இறங்கும்போது படகு கவிழ்ந்து, குழந்தை அடியில் சிக்கிக்கொண்டான். ஆர்வெல் அவனை இழுத்தெடுத்தார், அதுவும் கெட்டுப்போன நுரையீரலோடு. பிறகு சிங்கி இறால் பிடிக்க வந்த மீனவர்கள் எல்லோரையும் மீட்டார்கள்.

அந்த டிசம்பரில் அவருக்குக் காசநோய் என்று உறுதியானது. நாவல் 1949 ஜூனில் வெளிவந்தது; 1950 ஜனவரியில் அவர் இறந்தார்.