பணிநிறைவுக்குப் பிறகும் ஒரு பணி

தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களின் ஓய்வு வயது நெடுங்காலம் 58 ஆக இருந்தது. 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தது. வயது எதுவானாலும் கடைசி நாள் ஒரே மாதிரிதான். ஒரு சால்வை, ஒரு மாலை, நாலு பேர் பாராட்டுரை. மறுநாள் காலையிலிருந்து நாம் பென்ஷன்தாரர்.

நமக்கோ நம் பிள்ளைகளுக்கோ கான்வென்ட் பள்ளியில் பாடம் சொன்ன கன்னியாஸ்திரிகளும், அரசு உதவி பெறும் பள்ளி என்றால், நம்மைப் போலவே வயது வந்ததும் ஓய்வு பெற்றார்கள். அப்புறம் அவர்கள் எங்கே போனார்கள், என்ன செய்தார்கள்? நம்மில் பலர் கேட்டதே இல்லை. அந்தக் கதை கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறது.

1844-ஆம் ஆண்டு சனவரி, பிப்ரவரி மாதங்களில் புதுச்சேரியில் ஆயர் பொன்னான் தலைமையில் குருக்களின் பேரவை ஒன்று கூடியது. கல்வியைப் பரப்ப வேண்டும் என்பது அதன் முக்கிய முடிவுகளில் ஒன்று. அந்தக் காலத்தில் குடும்பத்துப் பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்பார்கள். படிக்கத் தெரிந்த பெண் என்றால் தேவதாசி என்ற எண்ணம் ஊரில் ஊறிக் கிடந்தது. பெண் பிள்ளைகளுக்கு ஆண் வாத்தியார் வைத்தால் யாரும் அனுப்ப மாட்டார்கள். பெண் ஆசிரியரோ கிடையாது.

அதற்கு வழி கண்டவர் தூப்புயி என்ற பிரெஞ்சுப் பாதிரியார். மிஷன் அச்சுக்கூடத்தை நடத்தியவர். வீரமாமுனிவரின் தேம்பாவணி 1851 முதல் 1853 வரை மூன்று தொகுதிகளாக அச்சானது அந்த அச்சுக்கூடத்தில்தான். அவர் 1844 அக்டோபர் 16 அன்று தமிழ்ப் பெண்களைக் கொண்டே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். பெண் குழந்தைகளுக்கு எழுத்தறிவிப்பதே அவர்கள் வேலை. இன்று மரியாளின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கு சபை என்று அதற்குப் பெயர்.

1858-இல் திருச்சியில் அன்னம்மாள் என்ற கைம்பெண் புனித அன்னாள் சபையைத் தொடங்கினார். வீட்டு மூலையில் முடங்க வேண்டியிருந்த கைம்பெண்களுக்கு அது வாசலைத் திறந்துவிட்டது. 1877-இல் ஊட்டியில் இன்னொரு சபை பிறந்தது. அதன் கன்னியர்தான் 1947 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் ஸ்டெல்லா மேரிஸ் கல்லூரியை ஆரம்பித்தார்கள்.

எந்தச் சபையானாலும் வாக்குத்தத்தம் மூன்று: கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல். இதில் ஏழ்மை என்பது வாய்ப் பேச்சு அல்ல. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 668-ஆம் விதியைப் பார்த்தால் தெரியும். ஒரு துறவி தன் உழைப்பால் சம்பாதிப்பது சபைக்கே சேரும். ஓய்வூதியமும் காப்பீட்டுத் தொகையும் பொதுவாக அப்படியே. முப்பது வருடம் வாத்தியார் வேலை பார்த்தாலும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்காது.

இது நீதிமன்றம் வரை போன விஷயம். சபைக்கு ஒப்படைக்கும் வருமானத்துக்கு வரி இல்லை என்று 1944-இல் ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. அதை வைத்து உதவி பெறும் பள்ளிகளில் துறவிகளின் சம்பளத்தில் வரி பிடிக்காமல் இருந்தார்கள். 2014-க்குப் பிறகு பிடிக்கத் தொடங்கினார்கள். வழக்கு நடந்து, 2019-இல் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு வரி பிடிக்கலாம் என்றது. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சம்பளம் யார் பெயரில் வருகிறதோ அவருடைய வருமானம் அது. பிறகு யாருக்குக் கொடுக்கிறார் என்பது வேறு. சட்டத்தின் கணக்கு அதுதான். அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் மடத்தின் கணக்கு வேறு என்பதும் உண்மைதான்.

அந்தக் கணக்கில் ஓய்வு என்ற பத்தி கிடையாது. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற சிஸ்டரை வேறு மடத்துக்கு மாற்றுவார்கள். ஒருவர் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களை விசாரிப்பார். ஒருவர் பீடத்துத் துணிகளைத் துவைத்து இஸ்திரி போடுவார். தையல் தெரிந்தவர் பிள்ளைகளின் கிழிசலைத் தைப்பார். நடக்க முடிந்தவர் நோயாளி வீடுகளுக்குப் போய்வருவார். நடக்க முடியாதவருக்கும் ஒரு வேலை உண்டு: பேர் சொல்லிக் கேட்டவர்களுக்காக ஜெபிப்பது. படுத்த படுக்கையானவரைக் கொஞ்சம் இளைய கிழவி பார்த்துக்கொள்வார். இதற்கெல்லாம் வருகைப் பதிவேடு இல்லை. சபை வரலாறுகளில் பள்ளி கட்டிய தேதி இருக்கும். துணி துவைத்தவர் பேர் இருக்காது.

ஒரே ஒரு இடத்தில் இந்தக் கிழவிகளின் வாழ்க்கை உலக வரலாற்றில் ஏறியது. 1986-இல் டேவிட் ஸ்னோடன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், மன்கேட்டோ ஊர் மடத்தில் வயதான கன்னியரைக் கவனிக்கத் தொடங்கினார். பின்னாளில் பிற மடங்களும் சேர்ந்து 678 பேர் ஆனார்கள். எல்லோரும் 75 வயது தாண்டியவர்கள். பெரும்பாலோர் ஓய்வு பெற்ற டீச்சர்கள். ஒரே மாதிரிச் சாப்பாடு, ஒரே மாதிரி வீடு, புகை இல்லை, பிரசவம் இல்லை. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்கத் தோதாக இருந்தது. ஆண்டுதோறும் ஞாபகசக்திச் சோதனை எழுதினார்கள். இறந்த பின் மூளையைக் கொடுப்பதற்கும் ஒப்புக்கொண்டார்கள். நூறு தாண்டி வாழ்ந்த ஒருவரின் மூளையில் அல்சைமர் நோயின் அடையாளங்கள் நிறைய இருந்தன. ஆனால் அவர் கடைசிவரை சோதனைகளில் தெளிவாகவே பதில் சொல்லியிருந்தார். மறதி நோயைப் பற்றி மருத்துவம் இன்று அறிந்தவற்றில் ஒரு பங்கு இவர்கள் கொடுத்தது. பிள்ளை குட்டி இல்லாதவர்கள், யாரோ பெற்ற பிள்ளைகளின் முதுமைக்காகக் கொடுத்தது.

நம் திருத்தணியில் டிசம்பர் 31 அன்று படித் திருவிழா. 365 படிகளுக்கும் மஞ்சள் குங்குமம் இட்டு, விளக்கேற்றி, திருப்புகழ் பாடி ஏறுகிறோம். அதற்கு முன்னால் அந்தப் படிகளை யாரோ கூட்டிக் கழுவியிருப்பார்கள். அவர்கள் பேர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. மலை வேறு, மடம் வேறு. வேலை ஒரே ஜாதி.

நமக்கு மாதம் பிறந்தால் பென்ஷன் வருகிறது. பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். ஓய்வு நம் உரிமை. அதில் குற்ற உணர்வு வேண்டாம். ஆனால் உங்களுக்கு அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்த சிஸ்டர் யாராவது எங்கோ ஒரு மடத்தில் இன்னும் இருக்கலாம். தொண்ணூறை ஒட்டிய வயதாகியிருக்கும். படித்த பள்ளியில் கேட்டால் எந்த மடம் என்று சொல்வார்கள். போகும்போது பழம் வாங்கிக்கொண்டு போங்கள். அதையும் அவர் பக்கத்து அறைக்காரருக்குக் கொடுத்துவிடுவார். பரவாயில்லை, கூடவே இன்னொரு சீப்பு வாங்கிக்கொள்ளுங்கள்.