ராயல்டி வரியா? 35 வருஷ வழக்கு

காமர்ஸ் படிக்கிற நமக்கு ராயல்டி என்றால் வரி இல்லை. தோண்டி எடுத்த பொருளுக்குக் குத்தகைக்காரர் தரும் தொகை. சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லி முடிக்க 35 வருஷம் ஆயிற்று!

இந்தியா சிமெண்ட்ஸ் சுண்ணாம்புக்கல்லுக்குக் கட்டிய ராயல்டியையும் நிலவரியில் சேர்த்து, அதன்மேல் பஞ்சாயத்து செஸ் கேட்டது தமிழக அரசு. கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. 1989-ல் ஏழு நீதிபதிகள் செஸ் செல்லாது என்றார்கள். கூடவே "ராயல்டி ஒரு வரி" என்றும் தீர்ப்பில் வந்துவிட்டது. அந்த ராயல்டி விகிதத்தை நிர்ணயிப்பதோ மத்திய அரசு. அப்புறம் மாநிலம் எங்கே வரி போடுவது?

2004-ல் கேசோராம் வழக்கில் ஐந்து பேர் அமர்வு, அது அச்சுப்பிழை, "ராயல்டி மீதான செஸ் ஒரு வரி" என்றுதான் இருந்திருக்க வேண்டும் என்றது. ஏழு பேர் எழுதியதை ஐந்து பேர் திருத்தலாமா? (நம்ம ஆடிட்டிங் பேப்பரே தேவலாம்!) 2011-ல் விஷயம் ஒன்பது பேர் அமர்வுக்கு அனுப்பப்பட்டு, 13 வருஷம் தூங்கியது.

2024 ஜூலை 25-ல் தீர்ப்பு: ராயல்டி வரியல்ல, கனிம நிலத்துக்கு மாநிலங்கள் வரி போடலாம். எட்டுப் பேர் ஆதரவு. நீதிபதி நாகரத்னா மட்டும் எதிர்ப்பு. ஆகஸ்ட் 14-ல் இன்னொரு உத்தரவு: 2005 ஏப்ரல் 1 முதலான பாக்கியை, 2026 ஏப்ரலில் தொடங்கி 12 வருஷத் தவணையில் வசூலிக்கலாம். தீர்ப்புக்கு முந்தைய காலத்துக்கு வட்டியோ அபராதமோ கிடையாது. 2005-க்கு முன்னால் போனது, போனதுதான்.